எந்த 40?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மதுரையில் சட்டை தைப்பவன். தீபாவளி முடிந்த வாரத்தில் என் கடைக்கு வருவதில் பாதி, புத்தம்புது ரெடிமேட் சட்டையைப் பிரித்துச் சரிசெய்யும் வேலைதான். எனக்கு அதில் காசு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ரெண்டாயிரம் கொடுத்து வாங்கிய சட்டையோடு வந்து நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

காலரின் உள்பக்கம் இருக்கிற எண்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒரு கம்பெனிச் சட்டையில் 40 என்றால் கழுத்துச் சுற்று 40 சென்டிமீட்டர். இன்னொரு கம்பெனியில் அதே 40, மார்பு 40 அங்குலம். "எனக்கு எப்பவும் 40தான்" என்று ட்ரையல் ரூம் பக்கமே போகாமல் வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

போட்டுப் பார்க்கிறவர்களும் கண்ணாடியில் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். இடுப்பு லூசாக இருந்தால் பக்கத் தையலில் பிடித்துவிடலாம். கை நீளமென்றால் கஃப்பைக் கழற்றி ஏற்றலாம். ஷோல்டர் இறங்கினால்தான் தொல்லை: கையை முழுசாகப் பிரித்து, கைக்குழியைத் திரும்ப வெட்ட வேண்டும். அதற்குப் புதிதாகவே ஒன்று தைத்துவிடலாம். அதனால் ஷோல்டர் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். காலர் பட்டனைப் போட்டால் ரெண்டு விரல் நுழைய வேண்டும். அப்படியே ஒரு முறை உட்காருங்கள். பட்டன்களுக்கு நடுவே பனியன் தெரிந்தால் அடுத்த சைஸ் கேளுங்கள். இந்த 'ஸ்லிம் ஃபிட்' வந்த பிறகு நின்றபடியே வாழ்கிறவர்களுக்கு மட்டும் சட்டை தைக்கிறார்கள் போல!

தையலின் தரத்துக்கு ஒரு அடையாளம் பாக்கெட். கோடு போட்ட சட்டையில் பாக்கெட்டின் கோடு உடம்புத் துணியின் கோட்டோடு சேர்ந்து ஓடினால் நிதானமாக வெட்டியிருக்கிறார்கள். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்து ஒட்டும் கேன்வாஸ் துணியின் ஒட்டு மட்டும் துவைத்த பிறகுதான் தெரியும். மட்டமாக இருந்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

இந்திய உடல்வாகுக்கென்று அளவுப் பட்டியல் தயாரிக்க, மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் ஆயிரக்கணக்கானோரை ஸ்கேனரில் நிறுத்தி அளவெடுத்தது. அது கடைக்கு வரும்போது வரட்டும். அதுவரை கழுத்து, மார்பு, ஷோல்டர் மூன்றையும் சென்டிமீட்டரில் சட்டையோடு வரும் அட்டையில் அச்சடித்தால் போதும். ஜவுளிக் கடைக்காரர்கள் கம்பெனிகளிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆஃபர் சட்டையாக இருந்தாலும் சைஸ் மாற்றித் தர வேண்டும்.

- ஒரு தையல்காரர், மதுரை