பழைய நிலக்கரி உலை வாங்குவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் செலவு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, பென்சில்வேனியாவின் வடகிழக்குப் பகுதியில் பழைய நிலக்கரி உலைகள் மலிவாகக் கிடைப்பதைச் சரியாகவே குறிப்பிட்டிருந்தது. ஆனால், அப்படியோர் உலையை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஸ்க்ரான்டனுக்கு அருகே குடியிருந்து, சென்ற ஆண்டு ஓர் உலையைப் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

விற்பவர் உலைக்குப் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசி வைத்திருந்தார். என்னுடன் வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பொருட்படுத்தாமல், வெளியுறைத் தகட்டைக் கழற்றி, எரியறைக்குள் டார்ச் விளக்கை வைத்துவிட்டு, நிலவறை விளக்கை அணைக்கச் சொன்னார். பின்புறம் வெல்டிங் ஓரமாக மூன்று இடங்களில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் கசியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடும் கசியும். தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரில் ஓட்டை விழுந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். காற்றைச் சூடாக்கும் உலையிலோ, நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயு காற்றுக்குழாய் வழியே படுக்கையறை வரை போய்விடும்.

இவ்வகை உலைகளை நெருப்பைவிடக் கோடைக்காலமே அதிகம் அரிக்கிறது. சாம்பலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நிலவறையின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டையும் புகைக்குழாயையும் உள்ளிருந்தே தின்றுவிடுகின்றன. ஆகவே, எத்தனை குளிர்காலம் எரிந்தது என்று கேட்பதோடு, எத்தனை கோடை துடைக்காமல் கிடந்தது என்றும் கேட்க வேண்டும். வெல்டிங் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். மெலிந்த தகட்டில் அது நிற்பதில்லை.

இன்னொன்று, கரியின் வகை. இங்கே கிடைப்பது ஆந்த்ரசைட் என்னும் கடினமான நிலக்கரி; கீழிருந்து காற்று ஏறினால்தான் அது எரியும். 1808இல் வில்க்ஸ்-பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கிராதியின் மேல் அதை எரித்துக் காட்டியதன் சூட்சுமமும் அதுதான். விறகும் கரியும் எரியும் என்று விற்கப்படும் உலையில் கிராதி இருக்கிறதா, அதற்குக் கீழே காற்றுக் கதவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். தானாகக் கரி தள்ளும் ஸ்டோக்கர் என்றால் பெரும்பாலும் 'ரைஸ்' என்ற சிறு துண்டுக் கரிதான் கேட்கும் (அரிசி நம்மை இங்கும் விடவில்லை). கையால் போடும் உலைக்கு 'நட்' போன்ற பெரிய துண்டுகள் வேண்டும். புகைபோக்கியின் உட்பூச்சு ஓடுகள் விரிசல் விட்டிருந்தால், உலை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

வெளிச்சத்தைப் பார்த்த பிறகு விற்பவர் பாதி விலைக்கு இறங்கினார். பெரியவரோ கிராதிகளுக்கு மட்டும் விலை பேசி, தம் வீட்டு உலைக்கென்று வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஸ்க்ரான்டன், பென்சில்வேனியா