பிரைமரும் லேக்கரும் கட்டுக்கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாட்பாரக் கல்லில் உரசிக் கீறல் விழுந்த அலாய் வீலை வீட்டிலேயே அரை மணி நேரத்தில் புதிதாக்க வழி சொல்லியிருந்தது சென்ற இதழின் வாகனப் பக்கம். அதோடு விட்டிருக்கலாம். ‘பிரைமர், லேக்கர் என்பதெல்லாம் பெயின்டர்கள் பில்லை ஏற்றச் சொல்லும் கதை’ என்று ஒரு வரி வேறு. பிரைமர் என்பது அடியில் பூசுவது, லேக்கர் என்பது மேலே பூசும் நிறமற்ற காப்பு. கோவையில் ஸ்பிரே கன் பிடித்து, அந்தக் கதையைச் சொல்லியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். மீதிக் கதையையும் கேளுங்கள்.

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியம் இரும்பைப்போல் சிவப்பாகத் துருப்பிடிக்காது என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய உடனே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் அதன்மேல் படிந்துவிடும். சாதாரண பெயின்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அதற்குத்தான் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். அதை விட்டுவிட்டு டப்பா பெயின்ட்டை அடித்தால், வாட்டர் வாஷில் தண்ணீரைப் பீய்ச்சும்போது செதில் செதிலாக உரியும். அப்படி உரிந்த வீலோடு என்னிடம் வந்தவர்கள், ‘புத்தகத்தில் போட்டிருந்தாங்கண்ணா’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேலே லேக்கர் இல்லாவிட்டாலோ, பிரேக் பேடிலிருந்து வரும் சூடான தூள் வெள்ளி நிறத்திலேயே பதிந்து பழுப்பாகும். எந்த ஷாம்புக்கும் போகாது.

அரை மணி நேரமாம்! டயரை மறைக்கவே அது பத்தாது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பட்டை பட்டையாக வெட்டி, காற்றைக் கொஞ்சம் இறக்கி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் சுற்றிலும் செருகுவோம். நட் உட்காரும் குழிகளுக்கு டேப் ஒட்டுவோம். அங்கே பெயின்ட் கனமாக ஏறினால் நாளடைவில் நட்டின் இறுக்கம் தளரும். அப்புறம் கீறலை நிரப்பும் பட்டி காய வேண்டும், பிரைமர் காய வேண்டும், ஒவ்வொரு கோட்டும் காய வேண்டும். கட்டுரைக்குப் போட்ட படத்தில் இருப்பதோ டைமண்ட் கட் வீல். அதன் முகம் லேத்தில் சீவியது. டப்பா பெயின்ட்டில் அந்த மினுமினுப்பு வரவே வராது. விரிசலையும் பட்டி வைத்து மூடச் சொல்லாமல் விட்டீர்களே, அந்த மட்டில் நன்றி.

போன வருடம் மங்கிய ஹெட்லைட்டை டூத்பேஸ்ட்டால் தேய்க்கச் சொன்னீர்கள். கொஞ்ச நாள் மின்னியது. வெயிலைத் தடுக்க மேலே இருந்த பூச்சும் தேய்ந்து, பிறகு முன்னைவிட மஞ்சளடித்தது. அப்போது நான் எழுதிய கடிதத்தில் ‘தங்கள் இதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அதனால் இம்முறை அந்த வரியை எழுதவில்லை.

ஆயுத பூஜைச் சிறப்பிதழிலும் ஷோரூம்காரர்களின் பேட்டிதான் பக்கம் பக்கமாக. ஒடுக்கு எடுக்கும் ஒரு டிங்கர், ஒரு பெயின்டர் முகம்கூட இல்லை. இந்தக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே புது அலாய் வீல் விளம்பரம் அரைப் பக்கம். பில்லை ஏற்றுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீலை உரசுகிற கல்லைப் பற்றியாவது எழுதினீர்களா? எங்கள் வீதியில் புதிதாகப் போட்ட நடைபாதைக் கல்லின் விளிம்பை மழுக்காமலே விட்டுப் போய்விட்டார்கள். அங்கே வண்டி ஒதுக்குகிற எல்லோருக்கும் இடது பக்க வீலில்தான் காயம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கடைசித் தேய்ப்புக்கு ‘80-ஆம் நம்பர் உப்புத்தாள்’ என்று அச்சாகியிருக்கிறது. நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம். 80-இல் இழுத்த கோடு எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும். ‘400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் இருந்தாலும் போதும். மழைக்காலத்துக்கு முன் போட்டால் நல்லது. ஈரக் காற்றில் அடித்த லேக்கர் வெளுத்துப்போகும், அதையும் பெயின்டர் கதை என்று எழுதிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
பழைய பெயின்டர் ஒருவர்,
கோவை.