நீச்சல்குள பம்ப்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டு நீச்சல்குளத்தின் பம்ப் நின்றுபோனால், சின்னப் பழுதுக்குப் பம்ப்பையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டிய பம்ப்பின் மோட்டாருக்குக் காயில் கட்டி (உள்ளே உள்ள செம்புக் கம்பிச் சுற்றைப் புதிதாகச் சுற்றி) மறுபடி ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான். எது பழுது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ‘உம்’ என்று முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை. பிரேக்கரை அணைத்துவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும், மின்னேற்றம் சேமிக்கும் பாகம்) போயிருக்கும். புதியதில் மைக்ரோஃபாரட் அளவு பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும்; வோல்ட் அளவு குறையக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும்; அதை வடிக்கத் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டும். விசிறி அசையவே மறுத்தால், இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தில்) கல் சிக்கியிருக்கலாம், அல்லது பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

மோட்டார் நன்றாக ஓடியும் தண்ணீர் சரியாக வரவில்லை, பம்ப்பின் குப்பைக் கூடையின் மூடிக்குள் குமிழி தெரிகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. முதலில் குளத்தின் நீர்மட்டத்தையும் மூடியின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையத்தையும்) பாருங்கள். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

அதிகம் கவனிக்க வேண்டியது, பம்ப்பின் தண்ணீர் மோட்டார் பக்கம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். பம்ப்பும் மோட்டாரும் சேரும் இடத்துக்கு அடியில் ஈரம் கசிந்தால் அது சீலின் வேலை. அதில் ஒரு பீங்கான் முகமும் ஒரு கார்பன் முகமும் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டியிருக்க, ஒன்று நிற்க மற்றது சுழல்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் அவை சூடேறி விரிசல் விட்டுவிடும். அங்கிருந்து சொட்டும் குளோரின் தண்ணீர் ஷாஃப்ட் (சுழலும் அச்சு) வழியாக முன் பேரிங்குக்குள் இறங்கி, கிரீஸைக் கழுவித் துருவேற்றும். பிறகு கீச்சொலி வரும். அதையும் விட்டால் மோட்டாரே எரியும். சொட்டும்போதே பார்த்தால் செலவு ஒரு சீலோடு முடியும். சத்தம் வந்துவிட்டால் சீலையும் இரண்டு பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது இரட்டை வேலை. மாட்டும்போது அந்த மெருகேறிய முகங்களில் விரல் படக் கூடாது, கிரீஸும் கூடாது. ரப்பர் பகுதிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். உப்புநீர்க் குளமென்றால் அதற்கென்றே வரும் சீலைக் கேட்டு வாங்குங்கள். சில பம்ப்புகளில் இம்பெல்லரின் நடு ஸ்குரூ இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்ற வேண்டியது. தெரியாமல் வழக்கமான பக்கம் திருகினால் தலை முறிந்துவிடும்.

எரிந்த வாடை அடித்தாலோ, 500 வோல்ட் மெகரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவியில்) காயிலுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினாலோ (ஈரம் காரணமா என்று காயவைத்து மறுபடி பார்த்த பிறகும்), மாற்றிவிடுவதே சரி. ஈரத்துக்குப் பக்கத்திலேயே ஓடும் இயந்திரத்தில் அரைகுறையாகக் காயில் கட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பம்ப்பின் பிளாஸ்டிக் உடல் வெப்பத்தில் கோணிப்போயிருந்தாலும், பழைய பம்ப்பைச் சரிசெய்யும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலும் இதே முடிவுதான்.

புதிதாக வாங்குபவர்கள் ‘கூடுதல் குதிரைத்திறன் இருக்கட்டுமே’ என்று நினைக்க வேண்டாம். 50,000 லிட்டர் குளத்தை 8 மணி நேரத்தில் ஒருமுறை சுழற்ற மணிக்கு 6,250 லிட்டர் போதும். பம்ப் தள்ளும் தண்ணீர் மணல் ஃபில்டரின் அளவை மீறினால் அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு குளத்துக்கே திரும்பும். அடி வடிகாலில் இழுவிசை கூடி, குளிப்பவரின் தலைமுடி சிக்கும் ஆபத்தும் உண்டு.

வேகம் மாற்றக்கூடிய பம்ப்பை வாங்கலாம். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், மின்திறனோ ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும். 1.1 கிலோவாட் பம்ப் முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 8.8 யூனிட், அதே தண்ணீரைப் பாதி வேகத்தில் 16 மணி நேரம் சுழற்றக் கணக்குப்படி 2.2 யூனிட். மோட்டார் இழப்புகளால் சற்றுக் கூடும், ஆனாலும் மிச்சம் பெரிது. ஃபில்டரைப் பின்னோட்டத்தில் கழுவும்போது மட்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

எந்தப் பம்ப்பை மாட்டினாலும், பாடியின் எர்த் இணைப்பையும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கரையும் அன்றைக்கே சோதித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீச்சல்குளப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்