துப்பாக்கி உரிமமும் வாய்க்கால் சண்டையும்: டெல்டா ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

நான் கீழ்வேளூர் பக்கம் கடைமடையில் ஒன்பது மா நிலம் வைத்து சாகுபடி செய்கிறவன். அமெரிக்காவில் எங்கேயாவது பள்ளிக்கூடத்தில் சுட்டார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். துப்பாக்கியைக் கடையில் வைத்து விற்றால் வேறென்ன நடக்கும் என்பது ஒரு கட்சி, துப்பாக்கி தானாகவா சுடுகிறது, மனுஷன் மனசு கெட்டுப்போச்சு, அதைப் பாருங்கள் என்பது இன்னொரு கட்சி. போன வாரம் இந்தப் பேச்சு முற்றி, நம் பக்கமும் வயலோரத்துத் தனி வீட்டுக்காரர்களுக்கு உரிமத்தைச் சுலபமாகக் கொடுத்தால் திருட்டு பயம் போகும் என்று ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் தலையாட்டினார்கள். உங்களிடம் மனு கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் என் மனு இது: தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயசு. முறைத் தண்ணீர் விட்டிருந்த சமயம், ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எங்கள் மடையைத் திறக்கப் போனார். பக்கத்து வயல்காரர், எங்களுக்கு மாமா முறை, இன்றைக்கு என் முறை என்று குறுக்கே நின்றார். வாய்ப்பேச்சு வளர்ந்து, கையில் இருந்த மண்வெட்டியால் மாமா அப்பாவின் தோளில் வெட்டிவிட்டார். ரத்தத்தைப் பார்த்த அந்த நிமிஷமே மண்வெட்டியை வாய்க்காலில் வீசிவிட்டு, அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியவரும் அவர்தான். பதினேழு தையல். அப்பா அதற்கப்புறம் இருபது வருஷம் உழுதார். மாமாவின் கையில் அன்றைக்குத் துப்பாக்கி இருந்திருந்தால், தூக்கிக்கொண்டு ஓட அவருக்கு ஆள் இருந்திருக்காது. அதே மனுஷன், அதே கோபம்தான்.

அதனால் கருவியில் ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு ஏறாது. ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றபோது, அந்த அரசாங்கம் சட்டத்தை இறுக்கி, 6 லட்சத்துக்கும் மேலான துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. நம் நாட்டிலும் ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்பதை 2019-ல் இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் கூட ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறீர்களே, ஊர் சூடாக இருக்கும்போது அது வீட்டில் இருக்கக் கூடாது என்று தெரிந்துதானே சொல்கிறீர்கள். தண்ணீர் குறைந்த வருஷங்களில் எங்கள் ஊர் மாசக்கணக்கில் அப்படித்தான் இருக்கிறது.

மனசைப் பாருங்கள் என்கிற கட்சி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதை நான் தள்ள மாட்டேன். ஆனால் மனசு எதனால் கெடுகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில்தான் கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் வளர்ந்த பகை அது. 1968 டிசம்பர் 25 ராத்திரி பண்ணையார்களின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தபோது, பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள், 44 பேர் எரிந்துபோனார்கள். கொன்றது தீதான், ஆனால் அவர்களை அந்தக் குடிசைக்குள் விரட்டியதில் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-ல் வந்தது. ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று வெண்மணி நினைவிடத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே உரிமம் கேட்டு வரும் மனுக்களைத் தள்ளுவதோடு நிறுத்திவிடாதீர்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் புதுப்பிக்க வருகிறவரிடம், அது இப்போது யார் கையில் இருக்கிறது, அந்த வீட்டில் குடிக்கிறவர் இருக்கிறாரா, வரப்புத் தகராறு நடக்கிறதா என்று நேரில் ஆள் அனுப்பி விசாரியுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நாங்கள் கொடுக்கும் மடைத் தகராறு மனுக்களை, தாசில்தார், அங்கிருந்து நீர்வளத்துறை என்று சுற்றவிடாமல், வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரையும் இரண்டு தரப்பையும் அந்த வாய்க்கால் கரையிலேயே நிறுத்திப் பேசி முடியுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் எங்களிடம் வந்துசேரப் பல நாள் ஆகும். தண்ணீர் வருவதற்குள் முறைப்பட்டியலை எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், போதும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் முறை என்று கேட்க அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி