பேய்ப் படத்துக்குத் திறந்த கேட், பிள்ளைகளுக்குத் திறக்காதா?

கல்லறைத் தோட்டப் பராமரிப்புக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பாரம்பரிய வாரத்தில் எங்கள் மாணவர்கள் தோட்டத்துக்குள் நடத்தவிருந்த வரலாற்று நடைக்கு வாய்மொழியாகச் சரி சொல்லியிருந்தீர்கள். முந்தின நாள் இரவு ஒரு போன். "வேண்டாம் டீச்சர், செத்தவங்களுக்கு மரியாதைக் குறைவுன்னு சிலர் சொல்றாங்க." அந்தச் சிலர் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாள் காலையில் கேட்டில் பூட்டு. வாடகைக் கோட்டும் தொப்பியுமாக வந்த பிள்ளைகளை வாட்ச்மேன்தான் சங்கடத்தோடு திருப்பி அனுப்பினார். அவர்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மரியாதைக் குறைவு எங்கே இருந்தது என்று இன்னும் விளங்கவில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு கல்லறையைத் தேர்ந்தெடுத்து, அங்கே துயில்பவர் யார் என்று தேடிப் படித்து, பக்கத்தில் நின்று அவர் குரலில் சில நிமிடங்கள் பேசுவார். அவ்வளவுதான். மைக் இல்லை, மேளம் இல்லை, கல்லறைமேல் யாரும் கால் வைக்கப் போவதில்லை. வசனம் முழுவதையும் முன்கூட்டியே உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருந்தோம். படித்தீர்களா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

பூட்டைக்கூட விடுங்கள். என்னை உறுத்துவது பதிவேடு.

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி, மேற்கு மதிலோரம் அரசமர வேர் பிளந்து வைத்திருக்கிற கல்லறையை எடுத்துக்கொண்டாள். கல்லில் ஒரு பெண்ணின் பெயர், இன்னாரின் மனைவி என்ற ஒரு வரி, பாதி அழிந்த ஆண்டு. கணவர் ரயில் எஞ்சின் ஓட்டுநர் என்பது கல்லிலேயே இருக்கிறது. அந்த அம்மாள் வீட்டுத் திண்ணையில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். எந்த வயதில் இறந்தார், எதனால் இறந்தார் என்று தெரிந்தால்தான் பேசுவேன் என்றாள் இந்தப் பெண். அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி பார்த்தால் போதும். முதலில் திங்கட்கிழமை வரச் சொன்னீர்கள். பிறகு தலைமையாசிரியர் கடிதம் கேட்டீர்கள். கடிதம் வந்ததும், பதிவேடு அலமாரியில் இருக்கிறது, சாவி செயலாளரிடம் இருக்கிறது என்றீர்கள். செயலாளரைப் பார்த்தால், சாவி பழைய செயலாளரிடமாம். அவள் பள்ளி விட்டதும் சீருடையோடு உங்கள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த சாயங்காலங்கள் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே, மதராஸ் மாகாணத்துப் பாதிரிமார் தங்கள் அடக்கப் பதிவுகளின் நகலை லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் பெயர் அட்டவணைகளில் ஒரு பகுதி இணையத்தில் கிடைக்கிறது. கடைசியில் அந்த மாணவி அங்கேதான் பெயரையும் தேதியையும் கண்டுபிடித்தாள். கடல் தாண்டிப் போன நகல் கைக்கு வந்துவிட்டது. அடுத்த தெருவில் இருக்கிற அசல் வரவில்லை. மதராஸ் மாகாணம் முழுக்க இருந்த கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-இல் அரசு அச்சகத்தில் அச்சிட்டார். அவருக்கு அலமாரிச் சாவிகளெல்லாம் கிடைத்திருக்கின்றன போல.

மரியாதை பற்றிப் பேசுகிறோம் என்பதால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். போன வருடம் இதே தோட்டத்தில் பேய்ப் படத்துக்கு ராத்திரி முழுக்கப் படப்பிடிப்பு நடந்ததே? புகை மெஷின், ஜெனரேட்டர், சிலுவைகளுக்கு நடுவே கிரேன். அன்று துயில்பவர்களின் அமைதி கெடவில்லையா? கட்டணம் வாங்கியதைத் தவறென்று சொல்லவில்லை. கட்டினால் எங்களுக்கும் கேட் திறக்குமென்றால், எவ்வளவு என்று சொல்லுங்கள், பிள்ளைகளிடம் வசூல் செய்து பார்க்கிறோம். அப்புறம், அந்தக் கட்டணத்தில் மேற்கு மதிலோரப் புதரையாவது வெட்டினீர்களா? நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு நடைபாதையைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்பதோடு பராமரிப்பு முடிந்துவிடுகிறது. உறவினர் இல்லாத கல்லறைகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக்கூட ஆளில்லை. அப்படிப்பட்ட கல்லறைகளைத்தான் எங்கள் மாணவர்கள் தேடி எடுத்தார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கல்லறைத் தோட்டத்தில் இப்படி மாணவர்கள் பேசும் நடையை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில், 1849-இல் அமைந்த ஃபிரண்ட்ஷிப் கல்லறைத் தோட்டத்தில், பள்ளி மாணவர்கள் பழைய ஆவணங்களைப் படித்துத் தாங்களே வசனம் எழுதி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். அதே ஊரில் கறுப்பின மக்களின் சாண்ட்ஃபீல்ட் கல்லறைத் தோட்டத்திலும், 1865-இல் அங்கே அடிமைகளுக்கு விடுதலை வந்த மே 8-ஆம் நாளை ஒட்டி மாணவர்கள் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நமக்கும் விஷயம் குறைவில்லை. உதகை புனித ஸ்தேவான் ஆலயத் தோட்டத்தில், அந்த ஊரை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் துயில்கிறார்கள். சல்லிவனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாளையும் மகளையும் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? எஞ்சின் ஓட்டுநரின் மனைவிக்காக ஒரு மாணவி அலைந்ததும் இதற்காகத்தான்.

எனவே கேட்டுக்கொள்வது இதுதான். ஒன்றரை மணி நேரத்துக்குத் தோட்டத்தைத் திறந்துவிடுங்கள், பதிவேட்டைக் காட்டுங்கள். உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும், ஏட்டை நாங்கள் தொடக்கூட வேண்டாம், அவரே புரட்டிக் காட்டட்டும். வசனத்தில் எந்த வரி உறுத்துகிறதோ அதைச் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். முடியாது என்பதுதான் முடிவு என்றால், காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். ராத்திரி போனில் வேண்டாம்.

பொங்கல் விடுமுறை முடிந்து செய்முறைத் தேர்வு தொடங்குவதற்கு முன் ஏதாவது ஒரு சனிக்கிழமை எங்களுக்குப் போதும். தேதியை மட்டும் குறித்துக் கொடுங்கள். அதுவரைக்கும், அலமாரிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையாவது தயவுசெய்து தெரிவிக்கவும்.

மரியாதையுடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை