நகைச்சுவை விண்வெளி நாவல் போட்ட பதிப்பாசிரியர்களுக்கு, காரைக்குடியிலிருந்து

வணக்கம்.

செட்டிநாட்டில் விண்கலம் இறங்குகிறது என்று பின்னட்டையில் பார்த்ததுமே நாவலை வாங்கிவிட்டேன். முதல் அத்தியாயம் பிரமாதம். 1935-இல் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த ஐயாவிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிப் போன வேற்றுக்கிரகத்தான், 2025-இல் அதைத் திருப்பித் தர கானாடுகாத்தான் வீட்டு வளவுக்குள் விண்கலத்தோடு வந்து இறங்குகிறான். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அப்புறம் அந்தக் கடன் என்ன ஆனது? பேச்சே இல்லை. மீதி முழுக்க அவன் காரம் தாங்காமல் கண்ணீர் விடுவதும், அந்த வீட்டு ஆச்சியின் கஞ்சத்தனமும், அவர் உடம்பைப் பற்றிய கேலியும்தான்.

ஒளிவேகத்தில் 99.5 சதவீதத்தில் பறந்து வந்தான் என்று எழுத்தாளரே எழுதியிருக்கிறார். ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன சார்பியல்படி, அந்த வேகத்தில் போகிறவனுக்கு ஒரு வருடம் கழிந்தால் இங்கே ஏறக்குறைய பத்து வருடம் ஓடியிருக்கும். ஊரில் 90 வருடம் என்றால் அவனுக்கு ஒன்பதுதான். வருடத்துக்கு நூற்றுக்கு ஆறு என்று தனிவட்டி போட்டால்கூட ஐயாவின் பேரேட்டில் வட்டி 5,400 ரூபாய், அவன் கணக்கில் 540. எந்தக் கடிகாரம் செல்லும்? ஆச்சி பேரேட்டை விரிக்க, அவன் கலத்தின் கடிகாரத்தைக் காட்ட, ரெண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்க, பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர்கள் திணற... முழு நாவலுக்கும் போதுமான சிரிப்பு அதிலேயே இருக்கிறதே! அறிவியல் இல்லாமல் அந்தச் சிரிப்பு வராது, வட்டித்தொழில் செய்த ஊர் இல்லாமலும் வராது.

இன்னொன்று. கலத்தின் பேட்டரி செத்துப்போனதும் எல்லோரும் மந்திரவாதியிடம் ஓடுகிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது, பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கும் முக்கிய வேலைகளில் ஒன்று. நாவலில் ஒருத்தருக்குக்கூட அது ஞாபகம் வரவில்லை!

கைப்பிரதி வந்ததும் எழுத்தாளரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்: நீங்களே போட்ட விதி அடுத்த அத்தியாயத்தில் எங்கே போனது? எழுத்தாளருக்குத் திறமை இருக்கிறது, அந்த முதல் அத்தியாயமே சாட்சி, அதனால்தான் மனசு ஆறவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் இயற்பியல் தெரிந்த ஒருவரிடமும் இந்த ஊர் ஆச்சி ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். அந்த உடம்புக் கேலியை மட்டும் யாரிடமும் கேட்காமலே எடுத்துவிடுங்கள்.