தையல் மெஷினை விற்க வேண்டாம்

செம்பூர், மும்பை
ஆடி அமாவாசைக்கு மறுநாள்

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வருஷம் இந்நேரம் பாபநாசத்தில் முங்கி எழுந்தோம். இந்த முறை உன் மருமகன் பாணகங்கா குளத்துக்குக் கூட்டிப்போனான். சிலாகார மன்னர் காலத்தில், 1127இல் கட்டியதாம். கடல் கூப்பிடு தூரம்தான்; தண்ணீரோ உப்புக் கரிக்கவில்லை. தன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் அவன் இறைத்தான். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. ஆறு ஓடினால்தான் எனக்கு அழுகை வரும் போலிருக்கிறது.

படையலுக்கு வாழையிலை, வாழைக்காய் எல்லாம் மாட்டுங்காவில் கிடைத்தது, விலையைக் கேட்காதே. காகத்துக்குச் சோறு வைக்கத்தான் இடமில்லை. பால்கனி முழுக்கப் புறாவுக்கு வலை கட்டியிருக்கிறார்கள். காவலாளியிடம் சாவி வாங்கி, குடையும் இலையுமாக மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காகம். தொண்டை வறளக் கூப்பிட்டும் அசையவில்லை. சாரல் பட்டுக் குழம்பு இலையில் ஓடத் தொடங்கிவிட்டது.

எதிர்வீட்டு மராத்திப் பாட்டி பின்னாலேயே வந்துவிட்டார், கையில் பாதி துலக்கிய பித்தளை விளக்கு. இதே அமாவாசைக்கு இங்கே விளக்குப் பூஜை. மறுநாள் சிராவண மாதம் பிறந்தால் கவிச்சி கூடாது என்று பலர் அன்றே ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துவிடுகிறார்கள். மாடிப்படி முழுக்க மசாலா வாசனை, நம் வீட்டில் அகத்திக்கீரை! பத்தாம் நாள் பிண்டத்தைக் காகம் தொடாவிட்டால் போனவருக்கு ஏதோ குறை என்பது அவர்கள் வழக்கம். இன்னது செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் இறங்குமாம். "சொல்லுங்கள்" என்றார், பாதி இந்தி, பாதி சைகை.

எதைச் சொல்ல? 41 வருஷம் ஒன்றும் கேட்காதவள். அவள் தையல் மெஷினை விற்றுவிடச் சொல்லி உனக்கு எழுதிய போன கடிதம் சட்டென்று நினைவுக்கு வந்தது. "மெஷினை விற்கவில்லை" என்றேன், அந்த மழையில், சத்தமாக.

காகம் இறங்கிற்று. வடையை மட்டும் கொத்திக்கொண்டு பறந்தது. வடைக்குத்தான் வந்திருக்கும் என்று உன் மருமகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஆகவே, வாங்க வருபவரிடம் இல்லையென்று சொல்லிவிடு. முன்பணம் வாங்கியிருந்தால் நான் அனுப்புகிறேன். மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடு. பாபினில் பச்சை நூல் பாதி சுற்றியபடி இருக்கும். உன் ரவிக்கைக்குச் சுற்றியது. அதை அவிழ்க்காதே.

இப்படிக்கு,
அன்புத் தம்பி